இன்றே கடை

கீழக்கரையில் ஒரு பெரியவர். டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டராக இருந்தவர். "சிலைடு ஏதும் கெடக்கா காக்கா?" (அங்கே காக்கா என்றால் அண்ணன்) என்றதும் முதலில் தொதலும் டீயும்தான் வந்தன. அப்புறம் ஒரு தகரப் பெட்டி, ஒரு ஓலைப்பெட்டி.

நான் தேடிப் போன சரக்கு தகரப் பெட்டியில். திரையில் விளம்பரமாகக் காட்டப் படக் கம்பெனி அனுப்பிய சினிமா சிலைடுகள்: மூணேகால் அங்குலச் சதுரம், இரண்டு கண்ணாடிக்கு நடுவே படம், ஓரம் முழுக்கக் கறுப்புக் காகித ஒட்டு. படுக்கையாக அடுக்கியிருந்தார். கடல்காற்றின் ஈரம் உள்ளே இறங்கி ஜெலட்டினில் பூஞ்சை. கதாநாயகி கன்னத்தில் வேர் ஓடியிருந்தது. நாலைந்து ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. (செங்குத்தாக நிறுத்தி வையுங்கள், புண்ணியமாகப் போகும்.)

ஓலைப்பெட்டியில் வெறும் ஜன்னல் கண்ணாடித் துண்டுகள். ஒன்று அழுக்காக இருக்கிறதே என்று கட்டைவிரலால் ஓரத்தை ஒரு இழு இழுத்தேன்.

"அட, என்ன தம்பி!"

அழுக்கில்லை, கரி. மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்கி, ஊசியால் கீறி எழுதியது. வெளிச்சத்தில் பிடித்தால் 'இன்றே கடை' என்று மட்டும் தெரிந்தது. 'சி' என் விரலில்.

"எந்தக் கடைன்னு கேப்பாகளே" என்று அவர் சிரித்ததில்தான் எனக்கு மூச்சு வந்தது. வசூல் படுத்தால் மறுநாளே படப் பெட்டி வேறு ஊருக்குக் கிளம்பிவிடும். அதற்கு மெட்ராசுக்கா எழுதிப் போட முடியும்? இடைவேளைக்குள் கீறி, தலைகீழாகச் செருகி, புரொஜெக்டர் ஆர்க் விளக்குச் சூட்டில் விரிசல் விடும் முன் எடுத்துவிட வேண்டும்.

அச்சு சிலைடு ஊர் ஊராகப் போனது. இது ஒன்றே ஒன்று. மேலே இன்னொரு கண்ணாடி வைத்து, நாலு ஓரமும் ஒட்டி, அதை மட்டும் வாங்கிவந்தேன்.

---

மேலே உள்ளதைப் படித்த பாம்பன்காரன் எழுதுகிறேன். ஒருநாள் படம் ஓடும்போதே திரையில் எழுத்து விழுந்ததாம்: 'வாடைக் காத்து ஏறுது. வள்ளம் கட்டினவங்க வெளிய வாங்க.' கொட்டகையில் பாதி காலி என்பார் அப்பா. அந்தச் சிலைடைத் தேடி, கொட்டகையில் வேலை பார்த்த மாமா வீட்டுக்கே போனேன்.

"அதையா? மறுநாளே கைலியில தொடச்சிட்டு 'சைக்கிளைப் பூட்டி வைக்கவும்'னு எழுதிட்டோம்ல."