எம்ஆர்ஐ ஸ்கேன் பயம், அம்மாவுக்கு ஒரு வசனம் சொல்லுங்க

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அம்மாவுக்கு இடுப்பு வலிக்கு வர்ற வியாழக்கிழமை திரும்ப எம்ஆர்ஐ. போன தடவை பாதி உள்ள போனதுமே மூச்சு முட்டுதுன்னு ஆளைக் கூப்பிட கையில குடுத்த பந்தை அமுக்கி அமுக்கி வெளிய வந்துட்டாங்க, அதுக்கு முன்னாடியே சிலுவை டாலர் செயினை கழட்ட சொன்னதுல வேற பதறிட்டாங்க. அதைவிட, சபையில ஒரு அக்கா 'விசுவாசம் இருந்தா ஏன் பயம்'னு கேட்டது தான் இன்னும் அவங்க மனசுல உறுத்துது. தீர்க்கதரிசி எலியாவே ராணி யேசபேலுக்கு பயந்து ஓடி சூரைச்செடி அடியில சாகணும்னு படுத்தாரும்மா, கர்த்தர் திட்டவா செஞ்சாரு, தூதனை அனுப்பி அடையும் தண்ணியும் குடுத்து திரும்ப தூங்க விட்டாருல்லன்னு 1 இராஜாக்கள் 19 படிச்சு காட்டினேன், சிரிச்சாங்க, பயம் மட்டும் போகல.

சங்கீதம் 91 முழுசா மனப்பாடம் தான், ஆனா அந்த டமடம சத்தத்துல நடுவுல விட்டுப்போகுதாம். சங்கீதம் 56:3 'நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்'னு ஒரே வரி, அது போதுமா, இல்ல வேற சின்ன வசனம் இருக்கா? இதே மாதிரி பயந்துக்கிட்டே ஸ்கேன் முடிச்சவங்க எப்படி சமாளிச்சீங்க? கூட ஒரு ஆள் நிக்க விடுவாங்களா, லேசா தூக்கம் வர்ற மருந்து கேக்கலாமா? ஜெபத்துலயும் நினைச்சுக்கோங்க ப்ளீஸ், புதன்கிழமை ராத்திரிக்குள்ள பதில் சொன்னா நல்லா இருக்கும்.