மன்னவனூர் குளிரில் கேஸ் அடுப்பு பாதியில் அணையுது

விடியற்காலை மன்னவனூர்ல (கொடைக்கானல் மேல்மலை) டீ போட முடியல. அடுப்பு பத்திக்குது, மூணு நாலு நிமிஷம் நீலமா எரியுது, அப்புறம் சுடர் அகல்விளக்கு அளவுக்குச் சுருங்கி அணைஞ்சுடுது. கேனைக் குலுக்கினா பாதிக்கு மேல சலசலங்குது. வெளியே வெள்ளையா உறைபனி.

கேசட் அடுப்பு (பக்கத்துல கேஸ் கேனைப் படுக்க வெச்சு மாட்டுற சின்ன அடுப்பு), 225 கிராம் பியூட்டேன் கேன், வாங்கி ஒரு வருஷம். டிசம்பர் கடைசியில இருந்துதான் இந்தத் தொல்லை. கீழே வத்தலக்குண்டுல அதே கேன் ஒழுங்கா எரியுது.

ஜெட்டை (கேஸ் வெளிவர்ற சின்னத் துளை) சுத்தம் பண்ணியாச்சு, புது கேனும் மாத்தியாச்சு. ராத்திரி கேனைக் கம்பளிக்குள்ள வெச்சா முதல் டீ வரைக்கும் தாங்குது. வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுத் துடைச்சு மாட்டினா இன்னும் அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான். (அடுப்பையும் கேனையும் சேர்த்துத் தகரத்தால மறைக்கச் சொல்லாதீங்க, கேன் சூடேறினா வெடிக்கும்.)

பியூட்டேனோட கொதிநிலையே பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான், அதுக்குக் கீழே போனா சரியா ஆவியாகாது. எரிய எரிய கேன் வேற தானா குளிர்ந்துடுது. அதே வகையில இன்னொரு கேஸான ஐசோபியூட்டேன் மைனஸ் 11 டிகிரி வரைக்கும் ஆவியாகும். கூட புரொப்பேனும் கலந்திருந்தா இன்னும் நல்லது.

அந்தக் கலவை கேஸ், கேசட் அடுப்புல பொருந்துற நீள கேன்ல, கொடைக்கானல், திண்டுக்கல், மதுரை இதுல எங்கே கிடைக்கும்?