ஆலயத்துக்குப் பின்னால் கல் தடுப்புச் சுவரில் விரிசல்: ஹால் வேலையை ஆரம்பிக்கலாமா?

கோத்தகிரி செயலர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களுடையது 62 குடும்பங்கள் உள்ள சின்ன சபை. பாதிப் பேர் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள். நான் கமிட்டி செயலர்.

புது ஆயர் வந்து 8 மாதம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய சின்ன அறையில்) நெருக்கியடித்து உட்காருவதைப் பார்த்த முதல் வாரமே அவருக்கு மனசு கேட்கவில்லை. பின்னால் இருக்கும் மேட்டை வெட்டி ஹால் கட்டுவோம், அறுப்பின் பண்டிகையில் வந்த 4 லட்சத்தில் அஸ்திவாரம் போடுவோம், மீதியைக் கர்த்தர் தருவார் என்கிறார். பொருளாளர் அண்ணனோ பிளான் அப்ரூவல் வரட்டும் என்கிறார். 11 வருஷமாக இதையேதான் சொல்கிறார், ஆனால் மனு ஒன்றும் போகவில்லை. அந்த வெஸ்ட்ரியில் என்னிடம் படித்த பிள்ளைகள் காலேஜே முடித்துவிட்டார்கள். என் மனசு ஆயர் பக்கம்தான்.

ஆனால் செவ்வாய்க்கிழமை மழை விட்டதும் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மேட்டைத் தாங்கும் கல் கட்டு நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. மூலையில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு விரிசல். தண்ணீர் வடியும் துளைகளைப் பாசி அடைத்திருக்கிறது. 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் போனார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். இன்றைக்கும் ராத்திரி மழை வலுத்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஞாயிறு கமிட்டி. இதைச் சொன்னால் ஆயருக்கு எதிராகப் பேசியதாகிவிடுமோ?

குன்னூர் மூப்பர்:
தங்கச்சி, கமிட்டியில் போட்டு உடைக்காதீங்க. முன்னாடியே ஆயரிடம் போங்க. பைபிள்ல நெகேமியா எருசலேமுக்கு வந்து மூணு நாள் கழிச்சு, ராத்திரியில் சில பேரை மட்டும் கூட்டிட்டுப் போய் இடிஞ்ச அலங்கத்தை, அதாவது நகரத்து மதிலை, பார்த்தார். அதுக்கப்புறம்தான் ‘கட்டுவோம் வாருங்கள்’னு ஜனங்களைக் கூப்பிட்டார். அவரைவிடத் துணிச்சல்காரர் யாரு? ஆயரையும் பொருளாளரையும் ஒண்ணா அந்தச் சுவருக்குக் கூட்டிட்டுப் போங்க.

கூடலூர் மேஸ்திரி:
வயிறு தள்ளுதுன்னா பின்னாடி தண்ணி நிக்குதுன்னு அர்த்தம். துளையில கம்பி விட்டுக் குத்தி அடைப்பை எடுங்க. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிசா கண்ணாடித் துண்டு வச்சு, ரெண்டு பக்கமும் சிமெண்ட் பூசி, தேதி எழுதுங்க. கண்ணாடி உடைஞ்சா சுவர் நகருது. மழை முடியற வரைக்கும் அங்க ஒரு கூடை மண்கூட எடுக்கக்கூடாது.

ஊட்டி ஆயர்:
சகோதரி, என் முதல் சபையில் செலவைக் கணக்குப் பார்க்காமல் கூரையைப் பிரித்தேன். தடுத்தவர்களை விசுவாசமில்லாதவர்கள் என்று பிரசங்கத்திலேயே பேசினேன். பணம் தீர்ந்து இரண்டு மழைக்காலம் தார்ப்பாய்க்கு அடியில் ஆராதனை. அந்தப் பெரியவர்களிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு யாராவது என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கணக்கைக் காட்டியிருக்கலாமே என்று இன்னும் நினைக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள். பொருளாளரையும் விடாதீர்கள், எந்தத் தேதியில் மனு போடுவார் என்று எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் இந்த விரிசலைக் காட்டியே இன்னும் 11 வருஷம் ஓட்டிவிடுவார்.

கோத்தகிரி செயலர்:
நேற்று சாயங்காலம் மூவரும் டார்ச்சோடு போனோம். ஆயர் விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. “இதுக்குக் கீழேதானே பிள்ளைகள் ஓடிப் பிடிச்சு விளையாடுதுங்க” என்றார். அந்த 4 லட்சத்தில் முதலில் கல் கட்டைச் சரிசெய்வோம் என்று அவரே கமிட்டியில் வைக்கப்போகிறார். பிளான் மனுவில் பொருளாளர் அண்ணன் அங்கேயே, டார்ச் வெளிச்சத்தில், கையெழுத்துப் போட்டார். கண்ணாடி ஒட்டியாச்சு. காலையில் பார்த்தேன், உடையவில்லை.