பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர்: வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

கோண்டாவிலிலிருந்து

எங்கள் வீட்டில் நிற்பது 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சோமர்செட் என்ற இங்கிலாந்துக் கார். அப்பா யாழ்ப்பாண நகரில் வாடகைக்கு ஓட்டிய வண்டி. அவருக்குப் பிறகு நான் வைத்திருக்கிறேன். இந்த வண்டியைப் பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பழைய வாகனத்துக்கு விலை சொல்கிறவர்களில் பலருக்கு யாழ்ப்பாணத்தில் உயிர் பிழைத்த ஒரு வண்டியை எப்படிப் பார்ப்பது என்றே தெரியவில்லை. அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் தீரவில்லை.

2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்ததும் தெற்கிலிருந்து பழைய கார் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் நல்ல அறிவுள்ள மனிதர். பொனற்றைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு குறைகளை அடுக்கினார். எரிபொருள் குழாயில் தொழிற்சாலை வைக்காத திருகுக் குழாய் ஒன்று இருக்கிறது, எரிபொருள் கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாயான மனிபோல்டைச் சுற்றித் தகரம் மூடியிருக்கிறது, ஹெட் காஸ்கெற் கையால் வெட்டியது, முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னைச் சுற்றி இருக்கும் வளையம், அதாவது புஷ், உள்ளூர் லேத்தில் கடைந்தது. ஒவ்வொன்றுக்கும் விலையில் ஒரு துண்டு குறைத்தார். கடைசியில் அவர் சொன்ன தொகை எனக்கு நினைவில்லை. அவர் குறைத்த ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது.

அந்தத் திருகுக் குழாயின் கதையை இங்கே பதிந்து வைக்கிறேன். 1990இல் சண்டை மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்கு எரிபொருளும் பற்றரியும் வருவது தடைப்பட்டது. பெற்றோல் போத்தல் கணக்கில், மருந்து போலக் கிடைத்தது. அப்போது இங்கே ஓடிய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அதிலும் ஏ40உம் பழைய மொறிஸும்தான் சுணங்காமல் ஓடின. காரணம் இங்கிலாந்தின் வறுமை. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதன் பின்னரும் அங்கே விற்றது எல்லாக் கம்பனிக்கும் பொதுவான, ஒக்டேன் எண் (எஞ்சினில் தட்டாமல் எரியும் தன்மையின் அளவு) 70ஐச் சுற்றி நின்ற மட்டமான பெற்றோல். அதற்கு ஏற்றபடி, எஞ்சின் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்னும் அமுக்க விகிதத்தைக் குறைவாகவே வைத்தார்கள். ஏ40இன் 1200 சிசி எஞ்சினில் அது 7.2தான். மண்ணெண்ணெயின் ஒக்டேன் அதைவிடவும் மிகக் குறைவு. ஆனாலும் இப்படிப்பட்ட எஞ்சினில் பற்றவைக்கும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளி, ஏற்றத்தில் மிதிக்காமல் ஓட்டினால் தட்டல் சத்தம் பொறுக்கக்கூடிய அளவில் நிற்கும். உயர் அமுக்கத்தில் ஓடும் புதிய ஜப்பான் கார் இதைத் தாங்காது.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே சிறு தகரத் தாங்கியில் வைத்திருக்கும் பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கிச் சூடேறும்வரை ஓடவிட்டு, திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேற்றரில் தங்கிய மண்ணெண்ணெய் அடுத்த நாள் எஞ்சினை எழும்ப விடாது. மனிபோல்டைச் சுற்றிய தகரம் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கத்தான். பெர்கசன் உழவு இயந்திரங்களில் இங்கிலாந்துக்காரரே செய்த முறைதான் இது. எங்கள் கராஜ்காரர் அதைக் காருக்குக் கொண்டுவந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது எஞ்சின் ஒயில். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். அளவுகோலைத் தூக்கிப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். அது கூடினால் எஞ்சின் சாகப்போகிறது என்று அர்த்தம். அப்பா காலையில் முகம் கழுவும் முன் அந்தக் கோலைத்தான் தூக்கிப் பார்ப்பார்.

புஷ்ஷைக் கடைந்தவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் லேத் வைத்திருந்த ஒரு அண்ணர். மின்சாரம் இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தில் பட்டி மாட்டி லேத்தைச் சுழற்றினார். கன்மெற்றல் கட்டி எங்கிருந்து கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கிங்பின்னின் தேய்மானத்தை மைக்ரோமீற்றரால் அளந்து, அந்தத் தேய்ந்த பின்னுக்கே பொருந்தும்படி புஷ்ஷைக் கடைந்தார். கடையில் வாங்கும் பாகத்தில் அந்தப் பொருத்தம் வராது. 1995 ஐப்பசியில் யாழ்ப்பாண நகரம் அடங்கிய வலிகாமப் பகுதி முழுவதும் சண்டையால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, நடக்க முடியாத முதியவர்களை ஏற்றிக்கொண்டு இந்த வண்டி சனத்தோடு சனமாக ஊர்ந்து சாவகச்சேரிக்குப் போனது அந்தப் புஷ்ஷில்தான்.

அதைக் கழற்றி எறிந்து, இங்கிலாந்திலிருந்து வருவித்த பாகத்தைப் போட்டால்தான் பெறுமதி கூடும் என்கிறவர்களோடு நான் உடன்படவே மாட்டேன். ஒஸ்ரினின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலை இந்த வண்டியை ஒருமுறைதான் செய்தது. இந்த ஊர் அதைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறது.

லண்டனிலிருந்து

கோண்டாவில் ஐயா எழுதியதை வாசித்தேன். என் மாமாவிடம் மீசாலையில் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. நான் இங்கே 1960ஆம் ஆண்டு மைனர் 1000 ஒன்றை வாங்கியதற்கு அதுவே காரணம். ஐயாவின் கருத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஓரிடத்தில் மட்டும் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே விலை என்பது முதலில் துருவின் விலை. குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். பெயின்ற் மினுங்கும், அடியில் படுத்துப் பார்த்தால் பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடமும் நடுக் குறுக்குச் சட்டமும் விரலால் குத்தினால் உதிரும். மரச் சட்டம் வைத்த ட்ரவலர் வகையை வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மரம் அழகுக்கு ஒட்டியது இல்லை, பின்பாதி உடலைத் தாங்குவதே அதுதான். உக்கியிருந்தால் செலவு வண்டியின் விலையைத் தாண்டலாம். கூரை மடியும் வகைக்கு விலை அதிகம் என்பதால் சாதாரண மைனரின் கூரையை அறுத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சேஸி இலக்கத்துக்கு முன்னால் உள்ள எழுத்துகள் அது எந்த வகையாகப் பிறந்தது என்று காட்டிவிடும். அதைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய உற்பத்திப் பேரேடுகளை வைத்திருக்கிறது. சேஸி இலக்கம் கொடுத்துக் கட்டணம் கட்டினால் வண்டி கட்டப்பட்ட நாள், முதல் நிறம், எஞ்சின் இலக்கம், எங்கே அனுப்பப்பட்டது என்பவற்றைச் சான்றிதழாகத் தருவார்கள். ஊரில் மைனர் வைத்திருப்பவர்கள் இதை எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இலங்கைக்கு அனுப்பிய வண்டி என்று பேரேடு சொன்னால், அது இங்கிலாந்திலிருந்து அண்மையில் இறக்கிய வண்டி இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் இருக்கும் பழைய சைட்வால்வ் எஞ்சின் மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. சில நட்டுகளுக்கு எந்தச் சாவியும் சரிவராதது போல இருக்கும். மொறிஸ் கம்பனி 1923இல் கொவன்றியில் இருந்த ஒச்கிஸ் என்னும் பிரெஞ்சுக் கம்பனியின் எஞ்சின் தொழிற்சாலையை வாங்கியது. அங்கே இருந்த இயந்திரங்கள் மெற்றிக் புரி வெட்டுபவை. புரியை அப்படியே விட்டுவிட்டு, ஆங்கிலேய மெக்கானிக்குகளின் சாவி பொருந்துவதற்காகத் தலையை மட்டும் விற்வேர்த் என்னும் பழைய ஆங்கில அளவில் செய்தார்கள். 918 சிசி மைனர்வரை அந்தப் பழக்கம் தொடர்ந்தது. ஆகவே விற்வேர்த் சாவி போட வேண்டும், புரி கெட்டால் மெற்றிக் அச்சால் திருத்த வேண்டும். இது தெரியாமல் எத்தனை எஞ்சின் புளொக்குகள் பாழாகின என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

உள்ளூர்த் திருத்தத்தைப் பற்றி ஐயா சொன்னதற்குச் சான்றாக இன்னொன்று. பாத் நகரில் மொறிஸ் மைனர் மையம் நடத்திய சார்ள்ஸ் வேர் 1990களில் இலங்கையிலேயே மைனருக்கான பாகங்களைச் செய்வித்து இங்கே கொண்டுவந்தார். இங்கிலாந்துக்காரரின் மைனர்கள் இலங்கைத் தொழிலாளர் அடித்த தகரத்தால் நிமிர்ந்தன. அப்படியிருக்க, ஊர்க் கராஜில் அடித்த மட்காட்டுக்கு எதற்காக விலை குறைக்க வேண்டும்?

நான் உடன்படாத இடம் இதுதான். பிறேக்கிலும் முன்சக்கரத்தைத் தாங்கும் பாகங்களிலும் வரலாற்றைப் பார்க்கக் கூடாது. மைனரில் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் கீழ்முனையில் ட்ரனியன் என்ற உலோகத் துண்டு இருக்கிறது. சக்கரம் திரும்பும்போது அதன் புரிக்குள்தான் தண்டு சுழல்கிறது. ஆயிரம் மைலுக்குள் கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் புரி தேய்ந்து தண்டு வெளியே பாயும், சக்கரம் மடிந்து மட்காட்டுக்குள் படுக்கும். வண்டியை உயர்த்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தேய்மானம் கையில் தெரியும். இங்கே 40 வயது கடந்த, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. நான் இன்றும் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து

அப்பாவின் மைனரை நான் ஓட்டுகிறேன். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, அதுவரை "இந்த இரும்பை வித்துப்போடு பிள்ளை" என்று சொன்னவர்களே வீடு தேடி வந்து விலை கேட்டார்கள். வண்டி ஒரு அங்குலமும் மாறவில்லை. அவர்கள் கண் மாறியது. அந்த விலையை நான் பெறுமதி என்று எடுத்துக்கொள்ளவில்லை, இறக்குமதி நின்றிருந்ததால் ஏறிய விலை அது.

எனக்குப் பெரிய தலைவலி மின்சாரம். இந்த வண்டிகளில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கிறது. இப்போதைய வயரிங்காரர் யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை. ஒருவர் ரேடியோ பூட்ட வந்து, இணைத்த உடனே அது புகைந்து போனது. எதிர்முனைக்கு மாற்றிவிடலாம் என்கிறார் இன்னொருவர். பற்றரியைத் திருப்பி மாட்டினால் மட்டும் போதுமா? அப்படி மாற்றினால் வண்டியின் அசல் தன்மை கெட்டுவிடுமா? ஐயாவும் லண்டன் அண்ணாவும் சொல்ல வேண்டும்.

கோண்டாவிலிலிருந்து

பிள்ளை, மாற்றலாம், பயப்பட வேண்டாம். பற்றரியைத் திருப்பினால் மட்டும் போதாது. பற்றவைக்கும் கொயிலில் இரண்டு சிறு வயர்களையும் இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பொறி பலவீனமாகும். அம்பியர் மானி இருந்தால் அதன் வயர்களையும் மாற்ற வேண்டும். பிறகு டைனமோவுக்குப் புது முனையைக் காட்ட வேண்டும். டைனமோவின் 'எவ்' (F) முனையில் இருக்கும் வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் உடலோடு சேராத முனையிலிருந்து ஒரு வயரைக் கொண்டுவந்து அதில் ஓரிரு தடவை மெல்லத் தொட்டு எடுங்கள். சிறு பொறி பறக்கும், அவ்வளவுதான். எஞ்சின் ஓடாமல் இருக்கும்போதே செய்ய வேண்டும். ஸ்ராட்டர் மோட்டாருக்கு எந்தத் திசையும் ஒன்றுதான், அதைத் தொட வேண்டாம். எஸ்யூ கம்பனியின் மின்சாரப் பெற்றோல் பம்பை மட்டும் திறந்து பாருங்கள். பழைய வகையென்றால் எந்த முனையிலும் ஓடும். யாராவது உள்ளே டயோட் அல்லது எலெக்ட்ரோனிக் பகுதி பொருத்தியிருந்தால் அது எரிந்துபோகும்.

அசல் கெடுமா என்று கேட்டீர்கள். என்ன மாற்றினீர்கள், எந்த ஆண்டில், யார் செய்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வண்டிக்குள் வையுங்கள். பற்றரிக்குப் பக்கத்தில் "எதிர்முனை உடலோடு" என்று பெயின்றால் எழுதிவிடுங்கள். அடுத்து வண்டியைத் தொடுகிறவருக்கு அது வேண்டும்.

லண்டன் தம்பிக்கு: பிறேக் விடயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் சோமர்செட்டிலும் சிலிண்டர் ரப்பர் எல்லாம் புதிது. கிங்பின்னையும் மாதந்தோறும் உயர்த்தி ஆட்டிப் பார்க்கிறேன். லேத் அண்ணரின் புஷ்ஷில் இதுவரை ஆட்டம் இல்லை. வந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் புதிதைப் போடுவேன். மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில் சட்டத்துக்குள் புதைந்திருக்கிறதல்லவா, அதன் போல்ற்றைக் கழற்ற முன் ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரோர்ஷன் கம்பி குறுக்கே நிற்கிறது என்று இங்கே ஒருவர் முழித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கம்பியைப் பாதுகாப்பாகத் தளர்த்துவது எப்படி என்று நீங்கள் படிப்படியாக எழுதினால் உதவியாக இருக்கும்.