சந்தாவை எப்போது, எதற்காக விட்டீர்கள்? (அனுபவப் பகிர்வு)

வெளித்திண்ணை:

போன வாரம் ஒரு ஸ்ட்ரீமிங் சந்தாவை ரத்து செய்தேன். பெயர் வேண்டாம். ஏழு வருடச் சந்தா. ஒரே வருடத்தில் இரண்டு முறை கட்டணத்தை ஏற்றினார்கள். முதல் தடவை முனகிக்கொண்டே கட்டினேன். இரண்டாம் தடவை வந்த மின்னஞ்சலுக்குத் தலைப்பு, 'உங்களுக்கு ஒரு நல்ல செய்தி'. திறந்தால், புதிதாக விளையாட்டுப் பகுதி ஒன்று சேர்த்திருக்கிறார்களாம். அதை ஐந்து பத்தி வர்ணித்துவிட்டுக் கடைசிப் பத்தியில், சின்ன எழுத்தில், அடுத்த மாதத்திலிருந்து புதுக் கட்டணம் என்று ஒரு வரி. 'செலவு கூடிவிட்டது, ஏற்றுகிறோம்' என்று நேராகச் சொல்லியிருந்தால் இன்றைக்கும் கட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

ரத்து செய்யும் பொத்தானைத் தேடியது தனிக் கதை. கணக்கு, அதற்குள் உறுப்பினர் விவரம், அதற்குள் 'திட்டத்தை நிர்வகி'. அங்கே போனால் 'திட்டத்தை மாற்று' என்று பட்டையாக நீலத்தில் ஒரு பொத்தான். 'ரத்து' அடியில், சாம்பல் நிறத்தில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல். அழுத்தினால் 'இவற்றையெல்லாம் இழக்கப்போகிறீர்கள்' என்று அம்மா பாதியில் விட்ட தொடரின் படத்தைக் காட்டுகிறார்கள். அடுத்த பக்கத்தில், மூன்று மாதத்துக்குப் பாதி விலை!

பாதி விலைக்கும் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது என்றால் இத்தனை நாள் நான் எதற்கு முழு விலை கட்டினேன்? அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் மனசு விட்டுப்போனது.

உங்கள் கதைகளை எழுதுங்கள். விட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களும் எழுதலாம், யாரும் கேலி செய்ய மாட்டோம்.

சிவப்பு உறை:

2011-ஐ விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. அப்போது அமெரிக்காவில் இருந்தேன், கண்ணெதிரே நடந்தது.

நெட்ஃபிளிக்ஸ் என்றால் அன்றைக்குப் பலருக்கு முதலில் நினைவுக்கு வந்தது சிவப்பு உறைதான். டிவிடி தபாலில் வரும். பார்த்து முடித்ததும் மேல் மடிப்பைக் கிழித்தால் திருப்பி அனுப்புவதற்கான உறை உள்ளேயே தயாராக இருக்கும். ஒட்டித் தபால் பெட்டியில் போட்டால் வரிசையில் அடுத்த படம் கிளம்பிவிடும். தாமதக் கட்டணம் கிடையாது. 2007-இல் இணையத்தில் பார்க்கும் வசதி வந்தபோது அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. டிவிடி தட்டுக்கும் இணையத்துக்கும் சேர்த்து மாதம் 9.99 டாலர் என்றிருந்த காலம் அது.

2011 ஜூலை 12 அன்று இரண்டையும் பிரித்தார்கள். இதற்கு 7.99, அதற்கு 7.99. இரண்டும் வேண்டுமென்றால் 15.98. அறுபது சதவீத ஏற்றம், ஒரே அறிவிப்பில். ஆயிரக்கணக்கானவர்கள் நிறுவனத்தின் பக்கத்திலேயே போய்த் திட்டித் தீர்த்தார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதி, நெட்ஃபிளிக்ஸுக்குப் படங்களைக் கொடுத்துவந்த ஸ்டார்ஸ் நிறுவனம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம், பிப்ரவரியோடு எங்கள் படங்களை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. விலை ஏறுகிறது, படம் குறைகிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது.

செப்டம்பர் 18, ஞாயிறு இரவு, தலைமை நிர்வாகி ரீட் ஹேஸ்டிங்ஸிடமிருந்து கடிதம். நான் சொதப்பிவிட்டேன், உங்கள் எல்லோருக்கும் ஒரு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று ஆரம்பித்தது. நல்ல ஆரம்பம். சரி, விலையைக் குறைக்கப்போகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். விலை அப்படியேதான் இருந்தது. டிவிடி வியாபாரத்தைத் தனியாகப் பிரித்து 'குவிக்ஸ்டர்' என்று பெயர் வைக்கிறோம் என்பதுதான் செய்தி. இனி இரண்டு தளம், கார்டு அறிக்கையில் இரண்டு வரி. முகவரி மாறினால் இரண்டு இடத்திலும் போய் மாற்ற வேண்டும். இங்கே ஒரு படத்துக்கு நட்சத்திரம் போட்டால் அங்கே தெரியாது. இதையெல்லாம் அந்தக் கடிதமே விலாவாரியாக விளக்கியது!

கூத்து இன்னும் முடியவில்லை. குவிக்ஸ்டர் என்ற பெயரில் ட்விட்டரில் வேறு யாரோ ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தார். முகப்புப் படத்தில் குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் சிவப்புப் பொம்மை புகைத்துக்கொண்டிருந்தது. பெயர் வைக்கும் முன் தேடிக்கூடப் பார்க்கவில்லையா என்று ஊரே சிரித்தது.

அக்டோபர் 10 அன்று குவிக்ஸ்டரைக் கைவிட்டார்கள். பிறந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் போனவர்கள் 8 லட்சம் பேர். அமெரிக்கச் சந்தாதாரர்கள் 2.46 கோடியிலிருந்து 2.38 கோடி ஆனார்கள். ஜூலையில் 300 டாலரைத் தொட்ட பங்கு, அந்தக் கணக்கு வெளிவந்த மறுநாள் 77-க்கு வந்து நின்றது.

அந்தப் பங்கை நான் ஜூலையில் வாங்கினேன். உச்சிக்குப் பக்கத்தில். அக்டோபரில் பயந்து விற்றேன். யார்மேலும் குறையில்லை, ஆசைப்பட்டது நான், பயந்ததும் நான். 2015-இல் ஒரு பங்கை ஏழாகப் பிரித்தார்கள். வைத்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட மாட்டேன் என்று வீட்டில் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தட்டிலிருந்து இணையத்துக்குப் போன திசை சரியானது. தொலைபேசி வழியாக இணையம் கொடுத்த ஏஓஎல் போல, பார்டர்ஸ் புத்தகக் கடைகள் போலப் பழையதைக் கட்டிக்கொண்டு தேங்கிவிடுவோமோ என்ற பயம் அந்தக் கடிதத்திலேயே இருந்தது, அந்தப் பயமும் நியாயமானது. வண்டியைத் திருப்ப வேண்டியதுதான். உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டுத் திருப்பினார் ஹேஸ்டிங்ஸ்.

குட்டிச்சுவர்:

மன்னிப்பு என்று நம்பித் திறந்த கடிதத்துக்குள்ளேயே இரண்டாவது அடி. வெந்த புண்ணில் வேல் என்பது இதுதான் போல.

இரவுப்பணி:

நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பதில் சொன்னவள். ஒரு வீடியோ நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில், அரட்டைப் பெட்டி வழியாக, இரண்டு வருடம்.

விலையேற்ற மின்னஞ்சல் போகும் நாள் எங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். அந்த வாரம் யாருக்கும் விடுப்பு கிடையாது. என்ன எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று ஒரு தாள் வரும். 'விலையேற்றம்' என்று எழுதக் கூடாது, 'புதுப்பிக்கப்பட்ட கட்டணம்'. ரத்து கேட்டால் முதலில் காரணம் கேட்க வேண்டும், அப்புறம் மலிவான திட்டம், அப்புறம் சலுகை. மூன்றுக்கும் வேண்டாம் என்றால்தான் கதவு திறக்கும். திண்ணைக்காரர் பார்த்த அந்தப் பாதி விலைப் பக்கம் இதே வரிசையில் மூன்றாவது.

காரணத்தைப் பதிவு செய்ய ஒரு பட்டியல் உண்டு. விலை, பார்க்க ஒன்றுமில்லை, தொழில்நுட்பக் கோளாறு, வேறு சேவைக்கு மாறுகிறேன், இப்படி. 'உங்கள்மேல் நம்பிக்கை போய்விட்டது' என்று ஒரு வரி அதில் கிடையாது. நாளுக்குப் பத்துப் பேராவது அதைத்தான் வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். எல்லோரையும் 'விலை' என்ற தலைப்பில்தான் போட்டேன், வேறு இடமில்லை. மேலே கூட்டத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, விலைதான் சிக்கல், சலுகையைக் கூட்டுங்கள் என்பார்கள். நோய் ஒன்று, மருந்து வேறொன்று. அதில் என் கையும் உண்டு, மறுக்கவில்லை.

ஒருவரை மறக்க முடியவில்லை. வயதானவர் என்று எழுத்திலேயே தெரிந்தது; ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒழுங்காக முற்றுப்புள்ளி வைப்பார். அவர் கோபப்படவே இல்லை. 'ரத்து செய்யுங்கள் அம்மா. அதற்கு முன் என் பட்டியலை மட்டும் எனக்கு அனுப்பிவிடுங்கள்' என்றார். பார்க்க வேண்டும் என்று பல வருடமாகக் குறித்துவைத்த படங்கள். அப்படி அனுப்ப எங்களிடம் வழியே இல்லை. திரையைப் படம் பிடிக்கச் சொன்னேன், அவருக்குத் தெரியவில்லை. எந்த இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். முதல் நாலு தடவையும் திரைதான் அணைந்தது. ஐந்தாவதில் விழுந்தது. 'வந்துவிட்டது அம்மா' என்று எழுதினார். அப்புறம் கீழே நகர்த்தி, இன்னொன்று, இன்னொன்று. நாற்பது நிமிடம். ஒரு உரையாடலை ஒன்பது நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். அந்த மாதம் என் மதிப்பெண் விழுந்தது.

ரத்து செய்த காரணம் என்ற இடத்தில் அவருக்கும் 'விலை'தான்.

நாலாவது ஆள்:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சியாகப் பேசுகிறேன், கோபிக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் உடன்பிறந்தவர்கள் நாலு பேர், நாலு வீடு, ஒரே கடவுச்சொல். அக்கா பெயரில் கணக்கு. அந்த நிறுவனம் ஒரு நாள், இந்தச் சாதனம் உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல என்று திரையில் போட்டுவிட்டு அக்காவின் ஃபோனுக்கு எண் அனுப்பியது. இரவு பதினொன்றரை. 'அக்கா, ஒரு எண் வந்திருக்கும், சொல்லு' என்று எழுப்பினேன். இரண்டு நிமிடத்தில் தம்பியும் எழுப்பினான். மூன்றாம் நாள், 'ஆளுக்கொரு சந்தா வாங்கித் தொலைங்கடா' என்றுவிட்டாள். திட்டினோம், எல்லாச் சந்தாவையும் விடப்போகிறோம் என்று குடும்பக் குழுவில் சபதம் போட்டோம். பத்து நாளில் நாலு சந்தா.

பெரிய அளவிலும் இதே கதைதான். 2017-இல் நெட்ஃபிளிக்ஸ், அன்பு என்பது கடவுச்சொல்லைப் பகிர்வது என்று ட்விட்டரில் எழுதியது. 2022-இன் முதல் காலாண்டில் 2 லட்சம் சந்தா குறைந்தது, பத்து வருடத்துக்குப் பிறகு முதல் சரிவு; ஒரே நாளில் பங்கு 35 சதவீதம் விழுந்தது. அடுத்த காலாண்டில் இன்னும் 9.7 லட்சம். முதல் சரிவின்போதுதான், 10 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் காசு கட்டாமல் பார்க்கின்றன என்று அன்பின் கணக்கை எடுத்தார்கள். 2023 மே மாதம் அமெரிக்காவில் கதவைப் பூட்டினார்கள். பழைய ட்வீட்டைத் தோண்டி எடுத்து உலகமே காறித் துப்பியது. அந்த வருடக் கடைசிக் காலாண்டில் மட்டும் 1.3 கோடிப் புதுச் சந்தா!

அப்படியானால் நல்லெண்ணம் என்பதெல்லாம் சும்மாவா? எனக்குத் தோன்றுவது இது. 2011-இல் மக்கள் விரும்பிய பொருளையே இரண்டாக உடைக்கப் போனார்கள். 2023-இல் பொருள் அப்படியே இருந்தது, வாசலில் மட்டும் காவலாளி.

சிவப்பு உறை:

நாலாவது ஆளே, அதில் பாதி உண்மை. 2011-இன் கடைசிக் காலாண்டிலேயே அமெரிக்காவில் மொத்தத்தில் 6 லட்சம் பேர் கூடிவிட்டார்கள். தட்டுச் சந்தாவைப் பாருங்கள்: அதே மூன்று மாதத்தில் 27 லட்சத்துக்கும் மேல் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு லாபத்தில் பெரும்பங்கு தட்டில்தான் இருந்தது. சோறு போட்டவர்களைத்தான் வெளியே அனுப்பினார்கள்.

ரசீது:

எனக்குச் சந்தா அல்ல, 'வாங்கு' பொத்தான். ஒரு தளத்தில் 'வாடகை', 'வாங்கு' என்று இரண்டு இருந்தது. மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் படம் இல்லை. கேட்டால், உரிமம் முடிந்துவிட்டதாம். ரசீதில் 'வாங்கியது' என்றுதான் இருக்கிறது, இன்னும் வைத்திருக்கிறேன். கலிஃபோர்னியாவில் இதற்காகவே சட்டம் போட்டு, 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது: கொடுப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக் கூடாது. எனக்கு அது காலம் கடந்த மழை.

வெளித்திண்ணை:

எல்லோருக்கும் நன்றி. பொத்தானைத் தேடியது நான் மட்டுமல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமேசான் தன் பிரைம் சந்தாவை ரத்து செய்வதை வேண்டுமென்றே கடினமாக்கியது, அந்த வழிக்கு உள்ளுக்குள் 'இலியட்' என்று பெயரே வைத்திருந்தது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2023-இல் வழக்கே போட்டது. ஹோமரின் காவியம், இருபத்துநாலு காண்டம்! 2025-இல் 250 கோடி டாலருக்கு வழக்கு முடிந்தது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மா அந்தத் தொடரின் முடிவை யாரிடமோ ஃபோனில் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார். நான் விட்ட நிறுவனத்திடமிருந்து நேற்று மின்னஞ்சல்: 'உங்களைத் தேடுகிறோம்'. இந்தத் தடவை நாலு மாதத்துக்குப் பாதி விலை.

சிவப்பு உறை சார், அந்தத் தட்டுகள் கடைசியில் என்ன ஆயின?

சிவப்பு உறை:

2023 செப்டம்பர் 29 அன்று கடைசி உறை கிளம்பியது. இருபத்தைந்து வருடக் கணக்கு. கையிலிருக்கும் தட்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அது நல்ல காரியம். என் நண்பன் ஒருவனிடம் கடைசியாக வந்த மூன்று தட்டுகள் பிரிக்காமலே அலமாரியில் இருக்கின்றன. போட்டுப் பார்க்கலாம் என்றால் அவன் வீட்டில் பிளேயர் இல்லை.