நிலத்துக்குள் இரைச்சல்: கசிவு தேடும் கருவியோடு உங்கள் அனுபவம்?

உவர்மலை:
அம்மம்மா இரண்டு வருடமாகச் சொன்னார், "ராவில சுவர் இரையுது" என்று. காது டொக்டரிடம் கூட்டிப்போனோம், குளிசையும் குடித்தார். போன புரட்டாதியில் கசிவு தேடுகிறவர்கள் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார்கள். காந்தத்தால் ஒட்டும் சின்ன உருளைகளை வால்வுகளில் வைத்துவிட்டுப் போனார்கள். ஊர் அடங்கிய பிறகு, இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில், அவை குழாயைக் கேட்டுப் பதியுமாம். அடுத்த இரவு ஒருவர் தார் வீதியில் மைக்கை வைத்து வைத்து வந்து எங்கள் கேற்றடியில் நின்றார். ஹெட்போனை என்னிடம் தந்தார். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சீறல், ஆனால் அடங்கவே இல்லை. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அம்மம்மாவின் தலைமாட்டுச் சுவருக்குள்தான் வீட்டு இரும்புக் குழாய் ஏறுகிறது. அவர் கேட்டது இதைத்தான். அந்தக் குளிசைகளை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

உப்புவெளி:
உங்களுக்குச் சரிவந்தது இரும்புக் குழாய் என்பதால். எங்கள் வீதியில் மூன்று இடம் கிண்டினார்கள், மூன்றும் காய்ந்த மணல். இரண்டு முனையிலும் சென்சர் வைத்து, சத்தம் எதற்கு முந்தி வருகிறது என்று பார்த்துத்தான் இடத்தைக் கணக்கிடுகிறார்கள். இரும்பில் சத்தம் செக்கனுக்கு 1,200 மீற்றர் அளவில் ஓடும். பிளாஸ்டிக்கில் அதில் பாதிகூட இல்லை, சீக்கிரம் செத்தும் போகும். நடுவில் எப்போதோ பிளாஸ்டிக் துண்டு போட்டு ஒட்டியதை யாரும் எழுதி வைக்கவில்லை. பிறகு எப்படிக் கணக்குச் சரிவரும்?

திருக்கடலூர்:
எங்களுக்குப் பில் இரட்டிப்பாக வந்தது, மீட்டருக்கு இந்தப் பக்கம் கசிவு. அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் இதைச் செய்யுங்கள்: படுக்கப்போகும் முன் எல்லாப் பைப்பையும் பூட்டி, மீட்டர் இலக்கத்தை எழுதுங்கள். விடிய, யாரும் முகம் கழுவ முதல் திரும்பப் பாருங்கள். கூடியிருந்தால் கசிவு உங்கள் வளவுக்குள். கொமட் தொட்டியையும் விடாதீர்கள். கேசரிக் கலர் கொஞ்சம் போட்டு, தண்ணீர் அடிக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். கோப்பையில் கலர் இறங்கினால் ரப்பரை மாற்றுங்கள். கந்தளாயிலிருந்து அவ்வளவு தூரம் வருகிற தண்ணீர், மண்ணுக்குள் போகவிடக் கூடாது.

உவர்மலை:
உப்புவெளி அண்ணா, இரும்புதான். வெட்டியெடுத்த துண்டு வளவில் கிடக்கிறது. பெருவிரல் போகிற ஓட்டை. உள்ளே துரு கட்டிகட்டியாக ஏறிப் பாதி வழி அடைபட்டிருக்கிறது. அம்மம்மா விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.