எம்.பி. ஆவதற்குப் பட்டப்படிப்பைக் கட்டாயமாக்க வேண்டுமா? (புனைபெயர்களில் ஐந்து பேரின் விவாதம்)

நேர்கோடு:
கிராம நிர்வாக அலுவலர் ஆக வேண்டுமென்றால் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், லட்சக்கணக்கானவர்களோடு போட்டித் தேர்வு எழுத வேண்டும். நாட்டுக்கே சட்டம் போடும் எம்.பி.க்கு? அரசியல் சட்டம் 84-வது பிரிவு கேட்பது இவ்வளவுதான்: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், உறுதிமொழி எடுக்க வேண்டும், மக்களவை என்றால் 25 வயது, மாநிலங்களவை என்றால் 30. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். முடிந்தது.

இது என் புலம்பல் மட்டும் இல்லை. 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையில் அதன் தலைவர் ராஜேந்திர பிரசாத்தே இதைச் சொல்லி வருத்தப்பட்டார். சட்டத்தை நடைமுறைப்படுத்துபவருக்கு உயர்ந்த தகுதிகளைக் கேட்கிறோம், சட்டத்தை இயற்றுபவருக்கோ தேர்தலில் ஜெயித்ததைத் தவிர எதுவும் தேவையில்லை என்கிறோம், இது முரண் என்றார். 75 வருடம் கழிந்தும் அந்த முரண் அப்படியே இருக்கிறது. குறைந்தது ஒரு டிகிரி கேட்பதில் என்ன தப்பு?

கடைசி பெஞ்ச்:
அந்த உரையை முழுசாகப் படியுங்கள் சார். சட்டம் இயற்றுபவருக்கு அறிவு வேண்டும், அதைவிட நிதானமான பார்வையும் சுதந்திரமாகச் செயல்படும் திறனும் நேர்மையும் வேண்டும், இந்தக் குணங்களை அளக்க அளவுகோல் எதையும் உருவாக்க முடியாது என்றும் அதே மூச்சில் சொல்கிறார். நீங்கள் பாதியை மட்டும் கத்தரித்து வந்திருக்கிறீர்கள்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராஜர் 1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குப் போனவர். உங்கள் விதி அன்று இருந்திருந்தால் அவரை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

நேர்கோடு:
காமராஜர் பெயர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவது பதிலிலேயே வந்துவிட்டது. அவர் ஒருவர். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள்? ஜி.எஸ்.டி., தகவல் பாதுகாப்பு, மின்சாரச் சட்டத் திருத்தம் என்று வரும் மசோதாக்களைப் படித்துப் புரிந்துகொள்ளவே அடிப்படைப் படிப்பு வேண்டாமா?

வாய்தா:
கறுப்புக் கோட்டுக்காரன் என்பதால் குறுக்கிடுகிறேன்.

நீங்கள் கேட்பது ஏற்கெனவே நடந்து பார்த்த விஷயம். ஹரியானாவில் 2015-ல் பஞ்சாயத்துத் தேர்தலுக்குக் கல்வித் தகுதி வைத்தார்கள். பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாவது, பஞ்ச் (வார்டு உறுப்பினர்) பதவிக்குப் பட்டியல் சாதிப் பெண் நின்றால் ஐந்தாவது. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும், மின்கட்டண பாக்கி இருக்கக் கூடாது என்று வேறு சேர்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அதனால் பேச்சளவில் உங்கள் பக்கம் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அடி விழுந்தது யார் மேல்? பெண்கள் மேலும் தலித்துகள் மேலும்தான். பள்ளிக்கூடம் கட்டித்தர வேண்டியது அரசு. அது கட்டாத பள்ளிக்கு, படிக்க முடியாமல் போனவருக்கு அபராதம். ராஜஸ்தானும் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து 2019-ல் கைவிட்டது.

அடுத்த வீட்டையும் பாருங்கள். பாகிஸ்தானில் 2002 தேர்தலுக்கு அப்போதைய ராணுவ ஆட்சியாளர் முஷாரஃப் பட்டப்படிப்பைக் கட்டாயமாக்கினார். போலிச் சான்றிதழ்கள் குவிந்தன. 2008-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே விதியைத் தூக்கி எறிந்தது. பூடானில் இன்றும் டிகிரி கட்டாயம் என்பது உண்மைதான்.

தகுதியைவிட, தகுதியிழப்பைப் பற்றித்தான் பேச வேண்டும். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால், தண்டனைக் காலமும் விடுதலைக்குப் பிறகு ஆறு ஆண்டுகளும் போட்டியிட முடியாது. முன்பெல்லாம் பதவியில் இருப்பவர் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் போதும், பதவி நிற்கும். 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் அந்தச் சலுகையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் வழக்கு மட்டும் நிலுவையில் இருந்தால், எவ்வளவு கொடூரமான குற்றச்சாட்டாக இருந்தாலும் தடை இல்லை. 2024-ல் இருவர் சிறையிலிருந்தபடியே மக்களவைக்கு ஜெயித்தார்கள்.

மூன்று கோடு:
எல்லோரும் வாசலில் நின்றே சண்டை போடுகிறீர்கள். உள்ளே போனபின் அவர் என்ன செய்யலாம் என்று யாரும் கேட்கவில்லையே!

இப்போதே மக்களவையில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாமல் பட்டதாரிகள். டாக்டர்கள், வழக்கறிஞர்கள், வெளிநாட்டில் படித்தவர்கள் எல்லாம் உண்டு. என்ன மாறியது? முக்கியமான ஓட்டெடுப்பு என்றால் முந்தைய நாளே கொறடாவிடமிருந்து, அதாவது அவையில் கட்சி உத்தரவைச் சொல்பவரிடமிருந்து, கடிதம் வந்துவிடும். அதில் வாசகத்துக்கு அடியில் எத்தனை கோடு என்பதுதான் கணக்கு. ஒரு கோடு என்றால் தகவல். இரண்டு என்றால் அவையில் இருக்க வேண்டும். மூன்று என்றால் இருந்து, கட்சி சொன்னபடி ஓட்டும் போட வேண்டும். மீறினாலோ, ஓட்டுப் போடாமல் நழுவினாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணைப்படி பதவி போகலாம். 1985-ல் கட்சித்தாவலைத் தடுக்க என்று கொண்டுவந்த ஏற்பாடு. தாவுகிறவர்கள் மூன்றில் இரண்டு பங்காகச் சேர்ந்து "வேறு கட்சியோடு இணைப்பு, சட்டமே அனுமதிக்கிறது" என்று சொல்லித் தாவிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மனசாட்சிப்படி ஒரே ஒரு மசோதாவை எதிர்க்க நினைக்கும் தனி ஆள்தான் மாட்டுகிறார்.

முனைவர் பட்டம் வாங்கியவர் கைக்கும் பத்தாவது படித்தவர் கைக்கும் அதே பொத்தான்தான், அதே உத்தரவுதான். அப்புறம் எதற்குப் படிப்பு?

நேர்கோடு:
கொறடா ஓட்டுக்குத்தான். வாய்க்கு இல்லை. கேள்வி கேட்க, திருத்தம் கொடுக்க, தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத எம்.பி. தானே கொண்டுவரும் மசோதா) கொண்டுவர யார் தடுத்தார்கள்? திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியதே! விஷயம் தெரிந்தவர் என்பதால்தானே அது முடிந்தது?

வாய்தா:
அந்த உதாரணத்தின் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். தனிநபர் மசோதா ஒன்று ஏதாவது ஓர் அவையைத் தாண்டியது பல பத்தாண்டுகளில் அதுவே முதல் முறை. மக்களவையில் அது நிறைவேறவில்லை. கடைசியில் 2019-ல் அரசு தன் சொந்த மசோதாவைச் சட்டமாக்கியது. தனிநபர் மசோதா சட்டமாக முடிந்தது கடைசியாக 1970-ல்.

மாடிப்படி:
நான் ஒரு எம்.பி. அலுவலகத்தில் கொஞ்ச காலம் உதவியாளராக இருந்தவள். பெயர், கட்சி எல்லாம் வேண்டாம்.

காலையில் வரிசையில் நிற்பவர்கள் கேட்பது: ரயில் இங்கே நிற்க வேண்டும், கேந்திரிய வித்யாலயாவில் சீட் வேண்டும், தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது. சாக்கடை கவுன்சிலர் வேலை. கேந்திரிய வித்யாலயா எம்.பி. ஒதுக்கீட்டை 2022-லேயே எடுத்துவிட்டார்கள். சொன்னால் நம்பமாட்டார்கள், "மனசு வைத்தால் முடியும்" என்பார்கள். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். வகுத்தால் ஒன்றுக்கு 83 லட்சம். அதையும் எம்.பி. பரிந்துரைக்கத்தான் முடியும், வேலையை நடத்துவது மாவட்ட நிர்வாகம். நிழற்குடையில் பெயர் மட்டும் பெரிசாக இருக்கும்.

கேள்வி கேட்பது பற்றிச் சொன்னீர்கள். நட்சத்திரக் கேள்விக்கு 15 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். பிறகு குலுக்கல். அதில் முதல் 20 பட்டியலுக்கு வந்தால்தான் அமைச்சர் வாயால் பதில். ஒரு மணி நேரத்தில் பல நாள் ஐந்தாறு கேள்வியைத் தாண்டாது. உங்கள் கேள்வி ஏழாவது என்றால் எழுத்தில் பதில் மேசைக்கு வரும், துணைக் கேள்வி கேட்க வழியில்லை. நாங்கள் குலுக்கல் முடிவுக்காக பரீட்சை ரிசல்ட் மாதிரி காத்திருப்போம். அன்று அவையில் கூச்சல் என்றால் அதுவும் போச்சு.

கடைசி பெஞ்ச்:
இதைத்தான் சொல்ல வந்தேன் மேடம்.

நேர்கோடு சார், படிப்பு உண்மையிலேயே பயன்படும் இடம் நிலைக்குழு, அதாவது துறைவாரியாக மசோதாக்களை ஆராயும் எம்.பி.க்கள் குழு. கேமரா இல்லை, கொறடா இல்லை, எதிர்க்கட்சிக்காரர் சொன்னதைக்கூட ஏற்று அறிக்கை எழுதுவார்கள். மொத்தம் 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 பேர். ஆனால் 15-வது மக்களவையில் (2009-14) 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின, 17-வதில் (2019-24) 16 சதவீதம்தான். விவசாயச் சட்டங்கள் 2020-ல் குழுவுக்கே போகாமல் நிறைவேறி, 2021 நவம்பர் 29 அன்று விவாதமே இல்லாமல் ரத்தும் ஆயின. அந்த அவையிலும் பட்டதாரிகள்தான் நிறைந்திருந்தார்கள்.

நேர்கோடு:
சரி, டிகிரியை விடுங்கள். ஆனால் "எதுவுமே வேண்டாம்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறைந்தபட்சம் வருகையையாவது கட்டாயமாக்குங்கள். வராதவருக்குப் பதவி எதற்கு?

வாய்தா:
அதற்கு விதி இருக்கிறது. அரசியல் சட்டப் பிரிவு 101(4): அனுமதியில்லாமல் 60 நாள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராவிட்டால் இருக்கை காலி என்று அவை அறிவிக்கலாம். "அறிவிக்கலாம்" என்றுதான் இருக்கிறது. அவை முடித்து வைக்கப்பட்ட காலமும், தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் ஒத்திவைத்த நாட்களும் கணக்கில் வராது. பட்ஜெட் கூட்டத்தொடர்தான் நீளமானது. அதன் இடைவேளையைக் கழித்துவிட்டு எண்ணிப் பாருங்கள். வழக்கமாக அந்தத் தொடர் முழுக்க எட்டிப் பார்க்காவிட்டாலும் 60 வராது.